மாப்ள கேட்ட ரெண்டு பாட்டில்

மூணு வாரத்துக்கு முன்னால், பந்தலில் கவாத்து நடந்துகொண்டிருந்த நேரம், சென்னையிலிருந்து அக்கா மகன் போன் பண்ணினான். ஆபீஸ் நண்பர்கள் நாலு பேர் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்களாம். "மாமா, ரொம்ப விலை இல்லாம ஒரு ட்ரை ஒயிட், ஒரு செமி ட்ரை ரெட் வாங்கணும். எது வாங்கலாம்னு சொல்லுங்க. நீங்கதான் திராட்சை போடுறீங்களே" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தக்காளி போடுகிறவனிடம் போய் எந்த சாஸ் நல்லதுன்னு கேட்கிற மாதிரி இருக்கு. எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் விளைவது பன்னீர் திராட்சை. தின்பதற்கும் ஜூஸுக்கும்தான் பெரும்பாலும் போகிறது. "ரெண்டு நாள் டைம் கொடு மாப்ள" என்று சொல்லி போனை வைத்தேன். ரெண்டு நாள் கழித்து அவனுக்கு நான் சொன்னது மூணு வரிதான். சொல்லாமல் விட்டது நிறைய. அதை இங்கே எழுதி வைக்கிறேன். குடிக்காதவர்களும் தாராளமாகப் படிக்கலாம், இது பாதிக்கு மேல் விவசாயக் கதைதான்.

முதலில் இந்த 'ட்ரை' என்ற வார்த்தை. தண்ணீர் கலக்காமல் குடிப்பது என்று நானே ரொம்ப காலம் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பழச்சாற்றில் இருக்கிற சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது. லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை தின்றால் 1 சதவீதம் ஆல்கஹால் வரும். 12 சதவீத ஒயின் வேண்டுமென்றால் லிட்டருக்கு 200 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிற சாறு வேண்டும். அத்தனையையும் ஈஸ்ட் தின்று தீர்த்துவிட்டால் அது ட்ரை. ஐரோப்பியச் சட்டப்படி லிட்டருக்கு 4 கிராம் வரை மிச்சம் இருந்தால் ட்ரை என்று எழுதலாம், புளிப்பு அதிகமாக இருந்தால் 9 கிராம் வரைக்கும் விடுவார்கள். செமி ட்ரைக்கு 12 கிராம், புளிப்பு இருந்தால் 18.

இது எவ்வளவு என்று புரிய எங்க ஊர் டீக்கடைக் கணக்கு சொல்கிறேன். 100 மில்லி டீயில் ஒரு ஸ்பூன் சீனி, 5 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது லிட்டருக்கு 50 கிராம் ஆகிறது. செமி ட்ரை ஒயின் என்பது அந்த டீயில் கால் பங்கு, மிஞ்சிப்போனால் மூணில் ஒரு பங்கு இனிப்பு. ட்ரை என்றால் சீனி டப்பாவைக் காட்டிவிட்டு எடுத்துப் போன மாதிரி.

சரி, இந்தச் சீனிக் கணக்குக்காக ஒரு சீமையே தெருவுக்கு வந்தது, ஆறு பேர் உயிர் போனது என்றால் நம்புவீர்களா? அதைச் சொல்வதற்கு முன்னால் அந்தக் கதைக்குள் நான் எப்படிப் போனேன் என்று சொல்லிவிடுகிறேன்.

வழி மயில்துத்தம்தான். அப்பா காலத்திலிருந்து பந்தலுக்கு 'போர்டோ கலவை' அடிக்கிறோம். ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர். தனித்தனியாகக் கரைத்து ஒன்றாக ஊற்றி, பளபளப்பான கத்தியை முக்கிப் பார்க்க வேண்டும். கத்தியில் செம்பு படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம். போர்டோ என்பது மருந்துக் கம்பெனி பெயர் என்றே நினைத்திருந்தேன். தம்பி மகள் பிரான்சில் மோன்பெல்லியே ஊருக்குப் படிக்கப் போன பிறகுதான் தெரிந்தது, அது அங்கே ஒயினுக்குப் பேர்போன நகரம் என்று. "பெரியப்பா, நீங்க தெளிக்கிற மருந்தே இங்க வழிப்பறிக்காரங்களுக்குப் பயந்து செஞ்சதுதான்" என்று ஒருநாள் வாட்ஸ்அப்பில் சொன்னாள்.

உண்மைதான். 1882-ல் மிலார்டே என்ற தாவரவியல் பேராசிரியர் போர்டோ பக்கத்துத் தோட்டங்களில் நடந்து போயிருக்கிறார். எல்லாக் கொடியும் பூஞ்சாண நோயில் இலை உதிர்ந்து நிற்க, பாதை ஓரத்து வரிசை மட்டும் பச்சையாக நிற்கிறது. விசாரித்தால், போகிறவர் வருகிறவர் பழம் பறிக்காமல் இருக்க, பார்த்தால் விஷம் மாதிரித் தெரியட்டும் என்று மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்திருக்கிறார்கள். அதை ஆராய்ந்து 1885-ல் வெளியிட்டார். திருட்டுப் பயம் நமக்கும் உண்டு, நாங்கள் நாயைக் கட்டினோம், அவர்கள் மருந்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அந்தப் பூஞ்சாணம் அமெரிக்காவிலிருந்து வந்தது. அதற்கு முன்னாலேயே அங்கிருந்து இன்னொன்று வந்திருந்தது. பிலாக்செரா என்று ஒரு பூச்சி, அசுவினிக்குச் சொந்தம், கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, வேரில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். 1860-களில் பிரான்சின் தெற்கே ரோன் ஆற்றுப் பக்கம் கொடிகள் காரணம் தெரியாமல் காய ஆரம்பித்தன. 1868-ல் மோன்பெல்லியேயைச் சேர்ந்த பிளான்ஷோன் என்பவரும் கூட இருந்தவர்களும் வேரைத் தோண்டிப் பார்த்துப் பூச்சியைக் கண்டுபிடித்தார்கள். அரசாங்கம் மருந்து கண்டுபிடிப்பவருக்கு 3 லட்சம் பிராங்க் பரிசு அறிவித்தது. குளிர்காலத்தில் வயலில் வாரக்கணக்கில் தண்ணீர் கட்டிப் பார்த்தார்கள், மண்ணுக்குள் ரசாயனம் ஏற்றிப் பார்த்தார்கள். கடைசியில் அமெரிக்கக் கொடியின் வேரில் நம்மூர்க் கொடியை ஒட்டுக்கட்டுவது என்று முடிவுக்கு வந்தது. அந்த வேரை அந்தப் பூச்சியால் ஒன்றும் பண்ண முடியாது. எங்கள் பக்கமும் சிலர் டாக்ரிட்ஜ் வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டுகிறார்கள், அதுவும் அமெரிக்க வகைதான்.

தீர்வு வருவதற்குள் அடி பலமாக விழுந்துவிட்டது. 1875-ல் பிரான்ஸ் முழுக்க 8 கோடியே 40 லட்சம் ஹெக்டோலிட்டர் ஒயின். 1889-ல் 2 கோடியே 30 லட்சம்தான். ஹெக்டோலிட்டர் என்றால் 100 லிட்டர்.

சரக்கு குறைந்தால் குடிக்கிறவன் குறைவானா? அங்கேதான் சீனி நுழைந்தது. பிழிந்த சக்கையை மறுபடி தொட்டியில் போட்டு, சுடுதண்ணீரும் சீனியும் ஊற்றிப் புளிக்க வைத்தால் இன்னொரு 'ஒயின்'. கிரீஸிலிருந்தும் துருக்கியிலிருந்தும் உலர்திராட்சையை இறக்கி, ஊறவைத்து அதிலும் ஒயின். நிறம் போதாவிட்டால் சாயம். பற்றாக்குறை காலத்தில் அரசாங்கமே கண்டும் காணாமல் இருந்தது. பிறகு தோட்டமெல்லாம் தேறி, சரக்கு குவிய ஆரம்பித்த பிறகும் சக்கை ஒயின் நிற்கவில்லை. 1903-ல் சீனி மேல் இருந்த வரியை வேறு குறைத்தார்கள். வடக்கே சர்க்கரை பீட்ரூட் போடுகிறவர்களுக்கும் ஆலைக்காரர்களுக்கும் அது நல்ல காலம். தெற்கே திராட்சைக்காரனுக்குச் சங்கு.

இதைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. ஏனென்றால் எங்கள் பள்ளத்தாக்கு வழியாக குமுளிக்கும் சுருளி அருவிக்கும் போகிறவர்கள் ரோட்டோரம் வண்டியை நிறுத்தி 'கம்பம் திராட்சை ஜூஸ்' வாங்கிக் குடிக்கிறார்கள். எல்லாக் கடையையும் சொல்லவில்லை, ஆனால் சில இடங்களில் எசன்ஸ், சீனி, ஊதாக் கலர், ஐஸ், அவ்வளவுதான். பத்தடி தள்ளி என் பந்தலில் பழம் விலை போகாமல் தொங்கிக்கொண்டிருந்த வருஷமும் உண்டு. அந்த வருஷம் அடைமழையில் பழம் வெடித்துவிட்டது. ஒரு ஆலைக்கு வாங்குகிற ஆள் வந்து, "சாறு பிழியத்தானே, இதுக்கு என்ன விலை" என்று கிலோ 12 ரூபாய்க்குக் கேட்டான். கொடுத்தேன். பறிகூலி போக கையில் ஒன்றும் நிற்கவில்லை.

தெற்குப் பிரான்சில் லாங்டாக் சீமை முழுக்க 1900-க்குப் பிறகு அந்த நிலைதான். ஒயின் விலை அடக்கத்துக்குக் கீழே. நார்போன் பக்கத்தில் ஆர்ஜெலியே என்று சின்ன ஊர். அங்கே மார்சலின் ஆல்பெர் என்பவர் கொஞ்சம் திராட்சைத் தோட்டமும் ஒரு காபிக்கடையும் வைத்திருந்தார். கலப்பட ஒயினை நிறுத்து என்று ஆள் சேர்க்கப் பார்த்தார், ஊர் மரத்தில் ஏறி நின்றுகூடப் பேசியிருக்கிறார். பல வருஷம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1907 மார்ச் 11-ம் தேதி, ஒயின் நெருக்கடியை விசாரிக்க நாடாளுமன்றக் குழு நார்போனுக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு, ஊரிலிருந்து 87 பேர் கிளம்பி நடந்தே போனார்கள்.

87 பேர். எங்கள் ஊர் நீர்ப்பாசனக் கூட்டத்துக்கு வருகிற கூட்டம்.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு ஊரில் கூட்டம் போட்டார்கள். மே 5 நார்போன், 12 பெசியே, 19 பெர்ப்பிஞான், 26 கார்க்கசோன், ஜூன் 2 நீம். ஆயிரங்கள் லட்சங்களாகின. ஜூன் 9-ம் தேதி மோன்பெல்லியேயில் கூடியவர்கள் 5 லட்சத்துக்கு மேல் என்று கணக்கு சொல்கிறார்கள். செல்போன் கிடையாது, வாட்ஸ்அப் குரூப் கிடையாது. ரயிலிலும் வண்டியிலும் நடந்தும் வந்தார்கள். தோட்ட முதலாளியும் கூலியும் ஒரே வரிசையில் நின்றார்கள். அடுத்ததாக வரி கட்டமாட்டோம் என்றார்கள். நூற்றுக்கணக்கான ஊர்களின் மேயர்கள் பதவி விலகினார்கள். நார்போன் மேயர் ஃபெரூல், அவர் டாக்டர், சோஷலிஸ்ட், அதில் முன்னால் நின்றார்.

பிரதமர் கிளெமென்சோ, உள்துறையும் அவரே, ராணுவத்தை அனுப்பினார். ஜூன் 19 ஃபெரூலைக் கைது பண்ணினார்கள். அன்றைக்கும் மறுநாளும் நார்போனில் துப்பாக்கிச்சூடு. ஆறு பேர் செத்தார்கள். அதில் செசில் பூரேல் என்ற பெண்ணுக்கு 20 வயது.

அப்போது நடந்த ஒன்றை அந்தப் பக்கத்து ஆட்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்களாம். 17-வது காலாட்படையில் இருந்த பையன்கள் பெரும்பாலும் அதே சீமைக்காரர்கள், திராட்சைக்காரர் வீட்டுப் பிள்ளைகள். அவர்களை பெசியேயிலிருந்து ஆக்த் என்ற ஊருக்கு மாற்றியிருந்தார்கள். நார்போன் செய்தி கேட்டதும் சுமார் 500 பேர் ஆயுதக் கிடங்கை உடைத்துக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக இருபது கிலோமீட்டருக்கு மேல் நடந்து பெசியே போய், நடு ஊரில் உட்கார்ந்துவிட்டார்கள். சொந்த ஜனத்தின் மேல் சுடமாட்டோம் என்பதுதான் விஷயம். சமாதானம் பேசி, பிறகு துனீசியாவில் கஃப்சா என்ற பாலைவன ஊருக்கு அனுப்பிவைத்தார்கள்.

ஆல்பெர் என்ன ஆனார் என்பதுதான் எனக்கு மனசு ஆறாத இடம். பாரிஸுக்குப் போய் கிளெமென்சோவை நேரில் பார்த்தார். போய் ஊரைச் சமாதானப்படுத்து, கலப்படத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பிரதமர் சொல்லி, ஊர் திரும்ப ரயில் செலவுக்கு 100 பிராங்க் நோட்டு ஒன்றைக் கொடுத்தார். இவர் வாங்கிக்கொண்டார். பிரதமர் அதைப் பத்திரிகைக்காரர்களிடம் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். லட்சம் பேர் பின்னால் வந்த மனுஷன் ஊர் திரும்பியபோது காசு வாங்கியவன் என்ற பெயர். பிறகு அல்ஜீரியா போனார், திரும்பி வந்தார், 1921-ல் ஏழையாகவே செத்தார். ஒரு சம்சாரி டவுனுக்குப் போய் பெரிய மனுஷன் ரூமில் உட்கார்ந்து, திரும்பிப் போகக் காசு இருக்கா என்று கேட்கிறபோது என்ன சொல்வான்? கலெக்டர் ஆபீஸுக்கு மனு கொடுக்கப் போன அனுபவம் எனக்கும் உண்டு. அந்த நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தவனுக்குத்தான் அது தெரியும்.

ஆனால் சட்டம் வந்தது. ஜூன் 29-ம் தேதி. ஒவ்வொருவரும் அறுவடை எவ்வளவு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஒயினில் போடுகிற சீனிக்குக் கூடுதல் வரி. 25 கிலோவுக்கு மேல் சீனி விற்றால் கடைக்காரர் கணக்கு காட்ட வேண்டும். செப்டம்பர் 3-ம் தேதி ஆணையில், ஒயின் என்றால் புதுத் திராட்சையோ அதன் சாறோ புளித்து வருவது மட்டும்தான் என்று எழுதிவிட்டார்கள். 1935-ல் ஊர்ப்பெயரைப் போட்டு விற்கிற உரிமைக்குத் தனிச் சட்டம் வந்தது. நம் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதுவும் இதே மாதிரி ஊர்ப்பெயரைக் காக்கிற விஷயம்தான்.

எல்லாப் பழியையும் சீனி மேல் போட்டுவிட முடியாது, அதையும் சொல்லிவிட வேண்டும். பூச்சிக்கு அப்புறம் லாங்டாக்காரர்கள் சமவெளி பூராவும் அராமோன் என்ற ரகத்தை நட்டார்கள். ஹெக்டேருக்கு 200 ஹெக்டோலிட்டருக்கு மேல், நம் கணக்கில் ஏக்கருக்கு 8,000 லிட்டர். நிறமும் இல்லாமல் ருசியும் இல்லாமல் தண்ணியாக வரும். அல்ஜீரியாவிலிருந்து வேறு கப்பல் கப்பலாக வந்தது. விலை விழாமல் என்ன செய்யும்? இங்கே எங்கள் ஊரிலும் பன்னீருக்கு விலை ஏறிய வருஷம் வாழையை வெட்டிவிட்டுக் கல்தூண் நட்டோம். நானும் நட்டேன்.

இப்போது மாப்ள கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். போன தை மாசம் தம்பி மகள் லீவுக்கு வந்தபோது ரெண்டு பாட்டில் கொண்டு வந்தாள். வெள்ளை ஒன்று, பிக்பூல் டெ பினே, அதே லாங்டாக் கடலோரம் விளைவது, நெட்டையான பச்சைப் பாட்டில். அங்கே கடையில் ஐந்தாறு யூரோதானாம். சிவப்பு ஜெர்மனிக்குப் போனபோது வாங்கியது, டோர்ன்ஃபெல்டர், 1955-ல் அங்கே உருவாக்கிய ரகம், மேலே 'ஹால்ப்ட்ரோக்கன்' என்று போட்டிருந்தது. செமி ட்ரை என்பதற்கு ஜெர்மன் வார்த்தை. அம்மா தூங்கிய பிறகு நானும் தம்பியும் மாடியில் உட்கார்ந்தோம். வைகை அணை ஜிலேபி கெண்டை வறுவல் இருந்தது.

வெள்ளை முதல் வாய்க்கு எலுமிச்சங்காய் கடித்த மாதிரி இருந்தது. மீனோடு சேர்த்தால் அந்தப் புளிப்பு சரியாக உட்கார்ந்துகொண்டது. மூணாவது துண்டு மீனுக்குள் பாட்டில் பாதி காலி. சிவப்பை தம்பி உடனே பிடித்துப்போய், "இது நம்ம ஆளுக்கானது" என்றான். லேசான இனிப்பு, அடர்ந்த கலர், மிளகாய்க் காரத்துக்கு இதமாக இருந்தது. எனக்குச் சந்தேகம். இந்த இனிப்புக்குப் பின்னால் என்ன இருக்கு?

சந்தேகத்துக்குக் காரணம் இருக்கு. செமி ட்ரை செய்ய நேர்மையான வழி ரெண்டு. ஈஸ்ட் முழுக்கத் தின்பதற்குள் குளிர வைத்து வடிகட்டி நிறுத்துவது, அல்லது புளிக்காத சாறு கொஞ்சம் எடுத்து வைத்துக் கடைசியில் கலப்பது. ஆனால் இனிப்பு எதையும் மறைக்கும். 1985-ல் ஆஸ்திரியாவில் சில வியாபாரிகள் சப்பையான ஒயின் இனிப்பாகவும் கெட்டியாகவும் தெரிய டைஎத்திலீன் கிளைக்கால் என்ற ரசாயனத்தைக் கலந்து மாட்டிக்கொண்டார்கள். அந்த நாட்டு ஒயின் ஏற்றுமதியே படுத்துவிட்டது. அந்த வருஷமே கடுமையான சட்டம் போட்டார்கள், தோட்டக்காரர்கள் நிறைய பேர் ட்ரை வெள்ளைக்கு மாறினார்கள். அடுத்த வருஷம் இத்தாலியில் மலிவு ஒயினில் மெத்தனால் கலந்து 20 பேருக்கு மேல் செத்தார்கள். மெத்தனால் என்றால் என்ன என்று நம்மூரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

ஆகையால் மாப்ளையிடம் சொன்ன மூணு வரி இதுதான். வெள்ளையில் மலிவாகப் போகலாம், பயமில்லை, ட்ரையில் சீனி போர்வை கிடையாது, கெட்டிருந்தால் முதல் வாயிலேயே தெரிந்துவிடும். ரகம், ஊர், வருஷம் மூணும் எழுதியிருக்கிறதா பார், வருஷம் புதுசாக இருக்கட்டும், நன்றாகக் குளிர வை. சிவப்பு செமி ட்ரைக்கு மட்டும் ஒரு படி விலை கூட்டி, யார் எங்கே பாட்டிலில் அடைத்தார்கள் என்று படித்து வாங்கு, 'போர்ட்' என்று போட்ட மலிவுச் சிவப்பை எடுக்காதே, அது நல்ல இனிப்பு, செமி ட்ரை ஆகாது.

வெளிநாட்டுப் பாட்டிலுக்கு இங்கே சுங்கவரி அதிகம் என்பதால் ஐந்து யூரோ சரக்கு நமக்கு மலிவாக வராது. அதனால் நாசிக் பக்கத்து சாவிஞான் பிளாங்க் ஒன்றை வாங்கு என்றேன். சிவப்பு அவனே தேடிக்கொண்டான்.

விருந்து முடிந்து ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினான். வெள்ளை முதலில் தீர்ந்துவிட்டதாம், சிவப்பில் பாதி ஃபிரிட்ஜில் இருக்காம், எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டான். மூடி இறுக்கி வைத்தால் மூணு நாலு நாள் என்றேன். "அந்த நூறு பிராங்க் கதையையும் சொன்னேன் மாமா, அதுல ஒருத்தன் அந்த ஆள் நோட்டைத் திருப்பிக் கொடுத்திருக்கணும்னு ஒரே சண்டை" என்றான். அவன் எந்த ஊர் என்று கேட்டேன். சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவனாம்.

கவாத்து வெட்டிய பந்தலில் மொட்டு வெடித்து இலை விரிந்துவிட்டது. நேற்று சாயங்காலம் மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. காலையில் எழுந்து மயில்துத்தம் கரைக்க வேண்டும்.